முழுக் கறுப்புக் குட்டி

சுந்தரி அக்கா எனக்கு ஓர்ப்படி. என் வீட்டுக்காரரின் அண்ணன் உத்திராபதிக்கு வாழ்க்கைப்பட்டவள். சுரக்குடியில் மாமனார் மனையை இரண்டாகப் பிரித்து, நடுவில் இடுப்பு உயரத்துக்கு ஒரு சுவர் எழுப்பி, அந்தப் பக்கம் அவளும் இந்தப் பக்கம் நானுமாக இருக்கிறோம். வயதில் மூத்தவள்தான். ஆனாலும் நான் வந்த நாளிலிருந்து நீ, வா, போ என்றுதான் பேசுகிறேன். மரியாதை கொடுத்துப் பேசினால் அவளுக்குச் சந்தேகம் வந்துவிடும், வினோதாவுக்கு ஏதோ காரியம் ஆகவேண்டியிருக்கிறது என்று.

முழுப் பெயர் திரிபுரசுந்தரி. காரைக்காலில் மின்துறை அலுவலகத்தில், பணம் கட்டும் கவுண்டரில் வேலை. நாள் முழுக்கக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, பில் ஏன் இவ்வளவு வந்திருக்கிறது என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு, சாயந்தரம் பஸ்ஸை விட்டு இறங்கும்போது பிழிந்து போட்ட துணி மாதிரி இருப்பாள். வந்ததும் காலை நீட்டி உட்கார்ந்து காபி குடிப்பாள் என்று நினைக்காதீர்கள். புடவையைக்கூட மாற்றாமல் கொல்லைப்பக்கம் போய், ஒரு அலுமினியத் தட்டை எடுத்து, கைமோதிரத்தால் இரண்டு தட்டுத் தட்டுவாள். நாய்கள் வந்து வரிசையாக நிற்கும்.

நாய் என்று சொன்னால் அவளுக்குப் பிடிக்காது. கன்னி என்று சொல்ல வேண்டும். ஒட்டிய வயிறு, நீண்ட முகம், குச்சிக் கால். உடம்பு கறுப்பு, கண்ணுக்கு மேலே ஆளுக்கு இரண்டு பழுப்புப் பொட்டு, மார்பிலும் காலிலும் அதே பழுப்பு. தெற்கே கோவில்பட்டிப் பக்கத்து வேட்டை நாய். முதன்முதலில் பார்த்தபோது, "ஏக்கா, இதுக்குச் சோறு போடுறியா இல்லியா" என்று கேட்டுவிட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அது அவள் கைக்கு வந்த கதை இதுதான். அவளுடைய கூடப்பிறந்த அக்காள் கோவில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவள். அந்த வீட்டில் பரம்பரையாகக் கன்னி வளர்த்தார்கள். விற்க மாட்டார்கள். பெண்ணைக் கட்டிக்கொடுத்தால் கூடவே ஒரு குட்டியை அனுப்புவார்கள். மிகவும் வேண்டியவர்கள் கேட்டால் கொடுப்பார்கள். அத்தான் ஒரு பொட்டைக் குட்டியைச் சுந்தரி அக்கா மடியில் வைத்தபோது ஒன்றே ஒன்றுதான் சொன்னாராம். "வச்சுக்க முடியலன்னா வேற யாருகிட்டயும் தள்ளி விட்டுறாத. எங்கிட்டயே கொண்டாந்து விட்டுரு. ஏன்னு கேக்க மாட்டேன்." பிற்பாடு ஒரு மழைக்காலத்தில் நோய் வந்து அவர் வீட்டு நாய்கள் அத்தனையும் போய்விட்டன. அந்த இரத்த வழியில் மிச்சம் இருந்தவை சுரக்குடியில் இருந்தவை மட்டும்தான். திருநள்ளாற்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இப்படிச் சொல்லக் கூடாது, ஆனாலும் சொல்கிறேன்: அன்றைக்குப் பிடித்தது அவளைச் சனி.

மிச்சம் இருப்பது நம்மிடம்தான் என்று தெரிந்ததும் வேறொருத்தியாக இருந்தால் வருஷத்துக்கு இரண்டு ஈத்து எடுத்து ஊர் முழுக்கக் குட்டியாக நிரப்பியிருப்பாள். இவள் நேர்மாறு. அண்ணன் தங்கையைச் சேர்க்க மாட்டாள், அப்பன் மகளைச் சேர்க்க மாட்டாள். அப்படிச் சேர்த்தால் செவிடும் நெஞ்சுக் கோளாறுமாகப் பிறக்கும் என்பாள். பொட்டை முழுசாக வளர்ந்திருக்க வேண்டும். ஒரு ஈத்துக்கும் அடுத்த ஈத்துக்கும் நடுவில் உடம்பு தேற விட வேண்டும். கால்நடை டாக்டர் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டுச் சரி என்று சொல்ல வேண்டும். அப்புறம்தான் ஆண் நாயைத் தேடவே ஆரம்பிப்பாள். அதுவும், பிறக்கப்போகும் குட்டிகளுக்கெல்லாம் முன்கூட்டியே வீடு பார்த்து வைத்திருக்க வேண்டும். "கல்யாணம் ஆகறதுக்கு முன்னாடியே பேரப்புள்ளைக்குப் பள்ளிக்கூடத்துல எடம் பிடிக்கிறவ நீ" என்பேன் நான்.

குட்டி கேட்டு வருகிறவர்களை அவள் விசாரிப்பதைப் பார்க்க வேண்டும். கவுண்டரில் பகல் முழுக்கக் கேள்விக்குப் பதில் சொன்ன கோபத்தை எல்லாம் இங்கே காட்டுகிறாளோ என்று தோன்றும். வீட்டைச் சுற்றிச் சுவர் இருக்கிறதா? கட்டிப் போடுவீர்களா? பகலில் வீட்டில் யார் இருப்பார்கள்? இதற்கு முன் வளர்த்த நாய் எப்படிச் செத்தது? வெளியூர் மாற்றலானால் என்ன செய்வீர்கள்? பெண் கேட்டு வந்தவர்கள்கூட இத்தனைக்குப் பதில் சொல்லியிருக்க மாட்டார்கள். பாதிப் பேர் முறைத்துக்கொண்டு எழுந்து போய்விடுவார்கள். மீதிப் பேர் வீட்டுக்கு இவளே பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். காசு வாங்க மாட்டாள். குட்டியைக் கையில் கொடுக்கும்போது அத்தான் சொன்னதையே சொல்வாள். "முடியலன்னா எங்கிட்டயே கொண்டாந்து விட்டுருங்க. ஏன்னு கேக்க மாட்டேன்."

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு கொண்டுவந்து விட்டவர்கள் நிறைய. குழந்தை பிறந்தது என்று ஒருவர், மாடி வீடு மாறிவிட்டோம் என்று ஒருவர், கண் தெரியவில்லை என்று ஒருவர். எதற்கும் இவள் ஏன் என்று கேட்டதில்லை. அவள் வீட்டுக் கொல்லையில் இப்படித் திரும்பி வந்த கிழடுகளே ஒரு கூட்டம். என் மூத்தார் உத்திராபதி வாயைத் திறக்காத மனிதர். வயலுக்குப் போய்விட்டு வந்து, திருவேட்டக்குடியிலிருந்து மீன்கூடையோடு வரும் காசியம்மா கொடுக்கும் மீன்தலையைக் குருணையோடு வேகவைத்து, முள் எடுத்து, ஆறவைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வார். அந்த நாற்றம் சுவர் தாண்டி என் அடுப்படிக்கு வரும். நான் கத்துவேன். அவர்கள் காதில் வாங்கிக்கொள்ள மாட்டார்கள்.

திருநள்ளாறு பக்கம் என்பதால் எங்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. சனிக்கிழமை ஆனால் வெளியூர் வண்டிகள் வரிசை கட்டும். நள தீர்த்தத்தில் முழுகி எழுந்து, உடுத்தியிருந்த துணியை அங்கேயே விட்டுவிட்டுப் போவார்கள். பீடை அதோடு போகட்டும் என்று. அப்படி வருகிறவர்களில் சிலருக்கு அவரவர் ஊரில் எந்த ஜோசியரோ கறுப்பு நாய் வளர்க்கச் சொல்லியிருப்பார். இங்கே ஒரு அம்மா கறுப்பு நாய்க்குட்டி சும்மாவே கொடுக்கிறாள் என்று யார் மூலமோ கேள்விப்பட்டு வந்துவிடுவார்கள். "முழுக் கறுப்பா இருக்குங்களா? பொட்டு இல்லாம?" என்பார்கள். அக்கா, "கன்னின்னா பொட்டு இருக்கும்ங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துவாள்.

கடலூர் தெட்சிணாமூர்த்தி அப்படிக் கேட்கவில்லை. டைல்ஸ் கடை வைத்திருக்கிறவர். மனைவியையும் காலேஜ் படிக்கும் மகனையும் கூட்டிக்கொண்டு வந்தார். அக்கா கேட்ட எல்லாவற்றுக்கும் சலிக்காமல் பதில் சொன்னார். முன்பு வளர்த்த நாய் செத்ததைச் சொல்லும்போது பர்ஸிலிருந்து அதன் படத்தை எடுத்துக் காட்டினார். அந்த ஈத்தில் ஒரு ஆண் குட்டிக்கு வால் நுனி கொக்கி மாதிரி மடங்கியிருந்தது. அது குறைதான், இதைக் குட்டி போட விடக் கூடாது, ஆபரேஷன் செய்துவிட வேண்டும் என்று அக்கா சொன்னாள். "எங்களுக்கு அதுவே போதும் மேடம்" என்று அதைத்தான் கேட்டு வாங்கிக்கொண்டார். ராசு என்று பேர் வைத்தார்கள். சொன்னபடி ஆபரேஷனும் செய்தார்கள். சோபாவில் ராசு, மகனோடு மொட்டைமாடியில் ராசு, பிறந்தநாள் தொப்பியோடு ராசு என்று வாட்ஸப்பில் படம் வந்துகொண்டே இருந்தது. அக்கா ஒவ்வொன்றையும் சுவருக்கு மேலே நீட்டிக் காட்டுவாள். "இந்த மாதிரி வீடா அமைஞ்சுட்டா போதும் வினோதா. வேற ஒண்ணும் வேணாம்" என்பாள்.

போன வருஷம் ரவிக்கை தைக்கக் கொடுத்ததை வாங்க நானும் அவளும் திருநள்ளாறு போனோம். லாட்ஜுகள் இருக்கிற தெருவில் ஒரு டீக்கடையில் நின்றோம். எதிர்ப்புறம் ஒரு கறுப்பு நாய். சோற்றுக்கு அதற்குக் குறைவில்லை; கறுப்பு நாய் என்பதால் போகிறவர் வருகிறவர் எல்லாம் எள்சாதமும் பிஸ்கட்டும் வைத்துவிட்டுக் கும்பிட்டார்கள். அது எதையும் தொடவில்லை. கார் வந்து நிற்கும்போதெல்லாம் எழுந்து போய், இறங்குகிறவர்களின் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து படுத்தது. அக்கா டீயைக் குடிக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முழுக் கறுப்புக்கா. ஒன்னோடது இல்ல" என்றேன்.

"வாலைப் பாரு" என்றாள்.

டீயைக் கீழே ஊற்றிவிட்டு, மோதிரத்தால் டம்ளரை இரண்டு தட்டுத் தட்டினாள். அது தலையைத் திருப்பியது. நேரே வந்து அவள் உள்ளங்கையில் மூஞ்சியை வைத்துக்கொண்டது. கிட்டத்தில் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. கண்ணுக்கு மேலே, மார்பில், காலில் எல்லாம் முடி பளபளப்பில்லாமல் ஒரு மாதிரி நீலம் பாரித்த கறுப்பாக இருந்தது. அடியில் பழுப்பு முடி முளைத்துக்கொண்டிருந்தது. நாம் தலைக்குப் போடுகிற சாயம். மார்பில் தோல் வெந்து பொருக்குத் தட்டியிருந்தது. கழுத்தில் ஒரு கறுப்புத் துணிக் கிழிசல் முடிந்திருந்தது.

அக்கா அங்கேயே நின்று கடலூருக்குப் போன் போட்டாள். அந்த மனிதர் உடனே எடுத்தார்.

"ராசு எப்படி இருக்கான்?"

"நல்லா இருக்கான் மேடம். இப்பதான் சாப்பிட்டுட்டு மாடியில தூங்குறான்."

போனிலிருந்து வந்த குரலைக் கேட்டு ராசு காதை நிமிர்த்தினான். அவளையே இரண்டு சுற்றுச் சுற்றி வந்தான்.

"சரிங்க" என்று சொல்லி அக்கா போனை வைத்துவிட்டாள்.

"நாக்கப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டிருக்கணும் நீ" என்றேன்.

"எதுக்கு? திருப்பி வாங்கிக்கறேன்னு சொல்லியிருந்தேன். வாங்கிக்கிட்டேன்" என்று ஆட்டோவைக் கூப்பிட்டாள்.

வழி நெடுக நான்தான் பேசிக்கொண்டு வந்தேன். "எல்லாம் கேட்ட. சுவர் இருக்கான்னு கேட்ட, சங்கிலி போடுவியான்னு கேட்ட. திருநள்ளாத்துக்குப் பக்கத்துல குடியிருந்துகிட்டு, வந்தவரு ராசி என்ன, ஏழரை நடக்குதான்னு கேக்காம விட்டுட்டியே." சிரிக்க வேண்டும் என்றுதான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அடுத்த முறை குட்டி கேட்டு வந்தவர்களிடம் நிஜமாகவே ராசியைக் கேட்டாள். வந்தவர்கள், குட்டியோடு ஜாதகமும் பார்த்துக் கொடுக்கிறாள் போலிருக்கிறது என்று மகிழ்ந்துபோய்ச் சொன்னார்கள்.

ராசுவின் சாயம் போக மாதங்கள் ஆயின. ஆறு ஏழு மாதத்துக்கு மேல் அவன் குரலே எழுப்பவில்லை. மூத்தாரோடு வயலுக்குப் போவான், வாய்க்காலில் இறங்குவான், வருவான், படுப்பான். மெள்ள மெள்ளத் தெருவைப் பார்ப்பதை நிறுத்தினான்.

இந்த வருஷம் மைக்குப் பருவம் வந்தது. மை என்பது அக்காவின் பொட்டை நாய். வெளியே கொடுத்தவை எல்லாம் ஆபரேஷன் ஆனவை, இல்லையென்றால் கிழடு; அந்த வழியில் குட்டி போடக்கூடியது அது ஒன்றுதான் பாக்கி. வயதாகிவிட்டது, இந்தத் தடவை விட்டால் இனிமேல் சேர்ப்பது அதன் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்கா பல வருஷமாக இரத்தத் தொடர்பில்லாத ஒரு ஆண் நாயைத் தேடிக்கொண்டிருந்தாள். கடைசியில் மன்னார்குடியில் ரஞ்சித்குமார் என்று பாங்கில் வேலை செய்கிற பையன் ஒருவன் சாத்தூர்ப் பக்கமிருந்து வாங்கி வளர்ப்பது தெரிந்தது. நல்ல பையன்; அவனும் இவளைப் போலவே கிறுக்கு. இரண்டு பேரும் போனில் தாத்தன் பூட்டன் வரைக்கும் விசாரித்து, ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டார்கள். வியாழக்கிழமை நாயைக் காரில் கூட்டிக்கொண்டு வருவதாகப் பேச்சு.

அந்த வாரம் போல அக்காவை நான் பார்த்ததில்லை. வேலை விட்டு வந்து கொட்டகையைக் கழுவினாள், சாக்கு விரித்தாள், பார்த்து வைத்திருந்த வீடுகளுக்கெல்லாம் போன் போட்டு இன்னொரு தடவை உறுதி கேட்டாள். சாயந்தரம் சுவர் ஓரமாக நின்று, "பொழைச்சுக் கெடந்தா இன்னொரு தலைமுறை வினோதா" என்றாள். எனக்கும், வெளியே காட்டிக்கொள்ளவில்லையே தவிர, சந்தோஷமாகத்தான் இருந்தது.

அதற்கு முந்தின சனிக்கிழமை மத்தியானம் வாசலில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. இறங்கினவரை எனக்கு உடனே தெரிந்துவிட்டது. படங்களில் ராசுவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்ற அதே முகம். நெற்றி நிறைய விபூதி, கையில் ஸ்வீட் பெட்டி. நான் கையில் இருந்த முறத்தைக்கூட வைக்காமல் அந்தப் பக்கம் ஓடினேன்.

"நல்லா இருக்கீங்களா மேடம்? தரிசனம் முடிச்சுட்டு அப்படியே உங்களையும் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார் தெட்சிணாமூர்த்தி.

அக்கா நாற்காலி எடுத்துப் போட்டாள். தண்ணீர்ப் பாட்டிலைக் கொடுத்தாள். நானாக இருந்தால் என்ன கொடுத்திருப்பேன் என்று இங்கே எழுத முடியாது.

"ராசு எப்படி இருக்கான்?" என்றாள்.

"ஜோரா இருக்கான் மேடம்." அவர் தண்ணீரைக் குடித்தார். "அடுத்து குட்டி எடுக்கப்போறீங்கன்னு கேள்விப்பட்டேன். என் மச்சானுக்கு ஒண்ணு வேணும். கார்லதான் உக்காந்திருக்காரு. கொஞ்சம் கறுப்பு தூக்கலா இருந்தா நல்லது."

"உங்க மச்சானுக்கு என்ன ராசிங்க?"

அவர் பாட்டிலைத் திருகித் திருகி மூடிக்கொண்டே இருந்தார். அப்போது கொல்லைப் படல் திறந்தது. மூத்தார் வயலிலிருந்து வந்தார்; கூடவே ராசு.

ராசு முதலில் நின்றான். அப்புறம் அவனிடமிருந்து வந்த சத்தத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை அம்மாவைக் கண்டதும் விசும்புமே, அந்த மாதிரி. ஒரே தாவலில் வந்து முன்னங்கால் இரண்டையும் அவர் மார்பில் வைத்தான். அந்தக் கொக்கி வால் நாற்காலியில் பட்டுப் படபடவென்று அடித்தது. அவர் கை தன்னால் அவன் தலைக்குப் போனதை நான் பார்த்தேன். தொடுவதற்குள் இழுத்துக்கொண்டார். இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"மேடம், பிடிங்க. அது என்னைத் தொடக் கூடாது. தயவுசெஞ்சு பிடிங்க."

கடித்துவிடும் என்ற பயம் இல்லை அது. ராசுவோ அவர் மோவாயை நக்கிக்கொண்டிருந்தான். அக்கா கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்துத் தன் காலோடு சேர்த்து வைத்துக்கொண்டாள். மூத்தார் மண்வெட்டியோடு அப்படியே நின்றார்.

தெட்சிணாமூர்த்தியே பேசினார். "பையனுக்கு வண்டியில அடிபட்டுடுச்சு மேடம். தலையில அடி. ஆஸ்பத்திரியில கையை விரிச்சுட்டாங்க. எங்க ஊர்ல ஒரு ஜோசியரு சொன்னாரு. வீட்டுல ரொம்பப் பிரியமா வச்சிருக்கற உசிரு ஒண்ண, முழுக் கறுப்பா, இங்க கொண்டாந்து விட்டுட்டுத் திரும்பிப் பாக்காம வந்துடணும்னு."

"கோயில்ல சொன்னாங்களா இப்படி?" என்றேன் நான். "இந்தப் பக்கத்துலயேதான் இருக்கோம். ஒருத்தரும் இப்படிச் சொல்லிக் கேட்டதில்ல."

"இல்லங்க. கோயில்ல யாரும் சொல்லல."

"சாயம் யாரு அடிச்சது?"

"நான்தாங்க. பாத்ரூம்ல வச்சு அடிச்சேன். அவன் அசையாம நின்னான்." அதைச் சொல்லும்போது அவர் அழுதுவிட்டார். "கோயில் ஊரு, சோறு கெடைக்கும்னு நெனச்சேன் மேடம். அந்த நேரத்துல நான் மனுஷனாவே இல்ல."

அக்கா, "பையன் இப்ப எப்படி இருக்கான்?" என்று கேட்டாள்.

"நடக்கிறான் மேடம். காலேஜுக்குப் போறான். ராசு செத்துட்டான்னு அவன்கிட்ட சொல்லியிருக்கோம்."

"நல்லா இருக்கட்டும். நீங்க கெளம்புங்க."

அவர் எழுந்து போனார். படியில் இறங்கும்போது ராசு ஒரு தடவை குரைத்தான். அவர் நின்றார். தோள் லேசாக அசைந்தது, ஆனால் அவர் திரும்பவில்லை. குனிந்துகொண்டே போய்க் காரில் ஏறிவிட்டார். கார் மறைந்த பிறகும் ராசு பட்டையை இழுத்துக்கொண்டே இருந்தான். ஸ்வீட் பெட்டி நாற்காலிக்குக் கீழே கிடந்தது. அதை நான் கொண்டுபோய்க் குப்பையில் போட்டேன்.

திரும்பி வந்தபோது அக்கா வாசற்படியில் உட்கார்ந்து ரஞ்சித்குமாரோடு பேசிக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமை வர வேண்டாம் என்று சொன்னாள். அந்தப் பையன் பதறிப்போய்ப் பேசியது எனக்கே கேட்டது. இதோடு இந்த வழி முடிந்துவிடும், வேறு எங்கேயும் இல்லை, உங்களுக்கே தெரியும் என்றான். "தெரியும் தம்பி. முடிஞ்சா முடியட்டும். ஒங்க நாயை நல்லா வச்சுக்குங்க" என்று வைத்துவிட்டாள்.

எனக்கு வந்ததே கோபம். இத்தனை வருஷமாக இந்த நாய்கள் ஒழிந்தால் போதும் என்று கத்திக்கொண்டிருந்தவள், அன்றைக்கு அவற்றுக்காக அவளோடு சண்டை போட்டேன். "யாரோ ஒருத்தன் புத்தி கெட்டுச் செஞ்சதுக்கு மை என்ன பண்ணும்? மத்தவங்க என்ன பண்ணுவாங்க? இவ்வளவு நாள் பட்ட பாடெல்லாம் இதுக்குத்தானா?"

"கெட்டவரா இருந்தா நான் நிறுத்த மாட்டேன் வினோதா. அடுத்த தடவை இன்னும் நல்லா விசாரிச்சுக் கண்டுபிடிச்சிருவேன். அவரு நல்லவரு. நான் சரியாத்தான் பாத்துக் கொடுத்திருக்கேன்." அவள் ராசுவின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். "பிரியமா வச்சுக்கறவங்களாத் தேடித் தேடிக் கொடுத்தேன். கடைசியில பிரியமா இருக்கறதத்தானே கேட்டிருக்காங்க. ஏனோதானோன்னு வளக்கற வீடா இருந்தா இவனை விட்டுட்டுப் போயிருக்க மாட்டாங்க. இதுக்கு நான் என்ன கேள்வி கேக்கறது?"

நானும் அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன்.

"எனக்குச் சலிச்சுப் போச்சு" என்றாள். "உள்ளே போ. வெயிலா இருக்கு."

மூத்தாராவது ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். அவர் மண்வெட்டியைக் கழுவி வைத்துவிட்டுக் குருணையை உலையில் போட்டார்.

வியாழக்கிழமை வந்தது. அக்கா வழக்கம்போல வேலைக்குப் போனாள். மை பகல் முழுக்க நிலைகொள்ளாமல் கொட்டகைக்கும் வாசலுக்குமாக அலைந்து அழுதது. தெருவில் கார் சத்தம் கேட்டால், ஒருவேளை அந்தப் பையன் சொன்னதைக் கேட்காமல் வந்துவிட்டானோ என்று நானும் எட்டி எட்டிப் பார்த்தேன். வரவில்லை. கழுவி வைத்திருந்த கொட்டகையில் விரித்த சாக்கு அப்படியே கிடந்தது. இரண்டு வாரத்தில் மையின் பருவம் முடிந்துவிட்டது.

கொஞ்ச நாள் பொறுத்து அக்கா லீவு போட்டுவிட்டு மையை ஆட்டோவில் ஏற்றிக் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். கர்ப்பப்பையை எடுக்கும் ஆபரேஷன். நானும் கூடப் போனேன். டாக்டருக்கே மனசில்லை. "இன்னொரு தடவை யோசிச்சுக்குங்கம்மா" என்றார். அவள் யோசித்துவிட்டேன் என்றாள். மயக்கம் தெளியும்வரை மையின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வரும் வழியில், "சேக்க வேணாம்னு விட்டுட்ட, சரி. இத ஏன் இப்ப கத்தி வைக்கச் சொன்ன? சும்மா விட்டிருக்கலாம்ல" என்று கேட்டேன்.

"விட்டா அடுத்த பருவத்துல ரஞ்சித்துக்கு நானே போன் போட்டுருவேன்" என்றாள். "டாக்டரு ஆபத்துன்னு சொன்னதுகூட அப்ப ஞாபகம் வராது. எனக்கு என்னைத் தெரியும்."

அதற்குப் பிறகும் அவள் வேலைக்குப் போகிறாள், வருகிறாள், புடவை மாற்றாமல் போய்த் தட்டைத் தட்டுகிறாள். இன்னும் யாராவது வந்து குட்டி கேட்கிறார்கள், இல்லை என்கிறாள். போன வாரம் நாகூரிலிருந்து ஒருவர் பழைய ஈத்து நாய் ஒன்றைக் கொண்டுவந்தார். வாங்கிக் கொல்லையில் விட்டாள். ஏன் என்று கேட்கவில்லை.

ராசு மட்டும் மறுபடி பழையபடி ஆகிவிட்டான். அந்தச் சனிக்கிழமையிலிருந்து வாசல் கேட்டோடு ஒட்டிப் படுத்துக்கொண்டு, போகிற கார்களையெல்லாம் பார்க்கிறான். தட்டுச் சத்தம் கேட்டு எல்லாம் கொல்லைக்கு ஓடுகின்றன. மைகூடத் தையல் போட்ட வயிற்றோடு மெள்ள நடந்து போகிறது. இவன் காதை மட்டும் திருப்பிவிட்டுத் தெருவையே பார்க்கிறான். எலும்பு தெரிய ஆரம்பித்துவிட்டது.

நேற்றுச் சாயந்தரம் அக்காவுக்குக் காலில் வீக்கம். எழுந்திருக்க முடியவில்லை. நான் சுவரைத் தாண்டிப் போய், மீன்தலைச் சோற்றை ஒரு தட்டில் போட்டு வாசலுக்கு எடுத்துப் போனேன். நான் ஒரு நாய்க்குச் சோறு வைத்தது அதுதான் முதல் தடவை. அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "சாப்புடுரா. அவரு வர மாட்டாரு" என்றேன். சொல்லிவிட்டு நானே அழுதேன்.

அக்கா உள்ளிருந்து, "வச்சுட்டு வந்துடு வினோதா. பக்கத்துல நின்னா சாப்பிட மாட்டான்" என்றாள்.

வைத்துவிட்டு நடந்தேன். வாசற்படி வரைக்கும் நாலு எட்டுத்தான். திரும்பிப் பார்க்காமல் வர என்னால் முடியவில்லை.